பழைய வில்லை வளைக்கலாமா?

ஜனகர் அரண்மனையில் ஒரு வில் இருந்தது. சிவனுடைய வில். மிதிலை மன்னர்கள் தலைமுறை தலைமுறையாகப் பூசை செய்து காப்பாற்றி வந்தது. வால்மீகி சொல்லும் கணக்குப்படி அதை ஓர் இரும்புப் பெட்டிக்குள் வைத்து, எட்டுச் சக்கர வண்டியில் ஏற்றி இழுத்து வந்தார்கள். ராமன் எடுத்தான், நாணேற்றினான், இழுத்தான். வில் இரண்டாக முறிந்தது. சீதா கல்யாணம் நடந்தது. கதை கேட்கிறவர்களுக்கெல்லாம் சந்தோஷம். ஆனால் பழைய விற்களைச் சேகரிக்கிற ஆள் யாராவது அந்தச் சபையில் உட்கார்ந்திருந்தால் தலையில் கை வைத்துக்கொண்டிருப்பார். பல தலைமுறைப் பொக்கிஷம் ஒரே இழுப்பில் போய்விட்டதே!

கிரேக்கர்கள் கதையில் இதற்கு நேர் எதிரான ஒரு காட்சி வருகிறது. இருபது வருஷம் கழித்து பிச்சைக்கார வேஷத்தில் வீடு திரும்பும் ஒடிஸியஸ், அரண்மனைக் கிடங்கில் கிடந்த தன் பழைய வில்லைக் கையில் வாங்குகிறான். உடனே நாணேற்றவில்லை. முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கிறான். இத்தனை வருஷத்தில் கொம்பைப் பூச்சி அரித்திருக்கிறதா என்று சோதிக்கிறான். வில் விஷயம் தெரிந்த ஆசாமி போலிருக்கிறது என்று சுற்றி இருந்தவர்கள் கிண்டல்கூட செய்தார்கள். அவனோ சாவகாசமாகப் பார்த்து முடித்துவிட்டுத்தான் நாணேற்றினான். அதற்குப் பிறகு கிண்டல் செய்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்பது தெரிந்த கதை.

இன்றைக்கும் பழைய வில் ஒன்று கையில் கிடைத்தவருக்கு இந்த இரண்டு வழிதான். தபால்தலை சேகரிப்பவர் அதைக் கடிதத்தில் ஒட்டி அனுப்பிப் பார்க்க வேண்டியதில்லை. நாணயம் சேகரிப்பவர் அதைக் கொடுத்து டீ குடிக்க வேண்டியதில்லை. ஆனால் நாணேற்றாத வில் என்பது வெறும் வளைந்த குச்சி. அது எவ்வளவு பலமானது, எவ்வளவு தூரம் எய்யும், எப்படிப்பட்ட மனிதனின் கைக்காகச் செய்யப்பட்டது, எதையுமே சொல்லாது. வளைத்தால்தான் சொல்லும். வளைத்தால் உடைந்தாலும் உடையும். கடந்த இருநூறு வருஷத்தில் பழைய விற்களைச் சேகரித்தவர்களின் வரலாறு முழுக்க இந்த ஒரு சிக்கலைச் சுற்றியே ஓடியிருக்கிறது.

ஏன் உடைகிறது? கொஞ்சம் விஞ்ஞானம் பார்த்துவிடலாம். வில்லை இழுக்கும்போது எய்பவரைப் பார்த்த பக்கம், அதாவது வில்லின் வயிறு, நசுக்கப்படுகிறது. எதிர்ப்பக்கம், அதாவது முதுகு, இழுத்து நீட்டப்படுகிறது. நடுவில் இருக்கும் பொருள் இந்த இரண்டுக்கும் இடையில் மாட்டிக்கொண்டு தவிக்கிறது. நல்ல வில் என்பது உடையும் எல்லைக்குச் சற்று இப்பால் நின்று வேலை செய்யும் வில். அதற்கு மேல் பலமாகச் செய்தால் வில் கனமாகும், அம்பு வேகம் குறையும். அதனால் வில் செய்பவர்கள் எல்லாருமே அந்த எல்லைக்கு மிக அருகில்தான் போவார்கள். புதிதாக இருக்கும்போதே அப்படி என்றால், நூறு வருஷம் பரணில் கிடந்து, காய்ந்து, எலி கடித்து, மழைக்காலத்தில் ஈரம் குடித்த வில்லின் கதி என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

(வில் உடைவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டுக்கு வரும் விருந்தாளி! வில்லைப் பார்த்தவுடன் எடுத்து, அம்பு இல்லாமல் வெறும் நாணை இழுத்து விட்டுப் பார்ப்பார். அம்புக்குப் போக வேண்டிய சக்தி முழுவதும் வில்லுக்குள்ளேயே திரும்பி அடிக்கும். பல பழைய விற்கள் போரில் உடைந்ததில்லை, வரவேற்பறையில் உடைந்திருக்கின்றன.)

இருப்பதிலேயே மிகச் சிக்கலான பழைய வில் துருக்கி வில்தான். ஒரே மரத்தில் செதுக்கியது அல்ல அது. நடுவில் மெல்லிய மரம், பெரும்பாலும் மேப்பிள். வயிற்றுப் பக்கம் எருமைக் கொம்பு, ஏனென்றால் கொம்பு நசுக்கத்தைத் தாங்கும். முதுகுப் பக்கம் மாட்டின் தசைநார், ஏனென்றால் அது இழுப்பைத் தாங்கும். எல்லாவற்றையும் ஒட்டுவதற்கு நம் தச்சர்கள் முன்பு பயன்படுத்திய வச்சிரம் மாதிரியான விலங்குப் பசை. ஒட்டி, காய வைத்து, மறுபடி ஒட்டி, மறுபடி காய வைத்து, ஒரு வில் முடிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். வெளியே தோல் அல்லது மரப்பட்டை ஒட்டி, அரக்குப்பூச்சும் தங்கப் பூ வேலையும் செய்து, பல உஸ்தாதுகள் நுனிக்கு அருகில் தங்கள் பெயரையும் வருஷத்தையும்கூட எழுதி வைத்தார்கள். சேகரிப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம்!

இந்த வில்லின் நாணைக் கழற்றினால் அது நேராக நிற்காது. எதிர்ப்பக்கமாகச் சுருண்டுகொள்ளும். சில விற்களில் இரண்டு நுனியும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று தொடும். விஷயம் தெரியாதவர்கள் அந்தச் சுருளைப் பார்த்து, அதுதான் வில்லின் வளைவு என்று நினைத்து, அப்படியே நாண் கட்டிவிடுவார்கள். அதாவது தலைகீழாக. நாண் கட்டும் முறை தெரிந்தவர்கள் போன பிறகு, ஐரோப்பாவில் இப்படித் தவறாக நாண் கட்டப்பட்டும், தவறாக வளைக்கப்பட்டு முறிந்தும் போன கீழைநாட்டு விற்கள் ஒன்றிரண்டல்ல. முறையாகச் செய்வதானால் முதலில் இதமாகச் சூடு காட்ட வேண்டும். பிறகு முறுக்கிக்கொள்ளாமல் இருக்க மர அச்சுகளை வைத்துக் கட்டி, பொறுமையாக எதிர்ப்பக்கம் வளைக்க வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் பார்ப்பது மாதிரி!

லண்டன்காரர்களுக்கு இந்த வில்லின் மகிமை தெரிய வந்தது 1790-களில். துருக்கித் தூதரின் செயலாளராக இருந்த மஹ்மூத் எஃபெண்டி என்பவர் அங்கே வில் பிரியர்கள் முன்னிலையில் ஓர் அம்பு எய்தார். அது 480 கஜத்துக்கும் மேல் போய் விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்த ஆங்கிலேயர்களுக்குப் பெரிய அதிர்ச்சி. அவர்களுடைய புகழ்பெற்ற நெடுவில்லில் அதில் முக்கால்வாசி தூரம்கூடப் பெரிய விஷயம். இவ்வளவுக்கும் எஃபெண்டி, தான் துருக்கியில் பெரிய வில்லாளி ஒன்றும் இல்லை என்றே சொன்னாராம். அவர் எய்த வில்லை அங்கிருந்த வில் சங்கத்தார் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வில்லை வைத்துக்கொண்டார்கள், சரி. வித்தை? அது அவரோடு ஊருக்குப் போய்விட்டது. இஸ்தான்புல்லிலேயே ஜானிஸரி படை 1826-இல் கலைக்கப்பட்ட பிறகு வில்லுக்கு வேலை குறைந்தது. தானே வில்லாளியாக இருந்த சுல்தான் இரண்டாம் மஹ்மூத் அதை விளையாட்டாக ஆதரித்து, முஸ்தஃபா கானி என்பவரை வைத்து வில்வித்தை பற்றி ஒரு பெரிய நூல் எழுத வைத்தார். 1839-இல் சுல்தான் இறந்த பிறகு அந்த ஆதரவும் தேய்ந்தது.

நூறு வருஷம் கழித்து, சர் ரால்ஃப் பெய்ன் கால்வே என்ற ஆங்கிலேயப் பிரபு, பழைய துருக்கி விற்களை வாங்கி, பழைய குறிப்புகளைத் தேடிப் படித்து, கட்டைவிரல் மோதிரம் போட்டு எய்யும் முறையைத் தனக்குத் தானே கற்றுக்கொண்டார். 1905-இல் பிரான்சின் லெ தூக்கே கடற்கரை ஊரில் 367 கஜம் எய்தார். அதே ஊரில் 1914-இல் இங்கோ சைமன் என்பவர் பழைய துருக்கி வில் ஒன்றால் 462 கஜம் எய்தார். அவர் தொழில்முறைப் பாடகர் என்பது கூடுதல் தகவல். அவர் மனைவி எர்னா சைமன் 1937-இல் பெண்களுக்கான உலக வில்வித்தைச் சாம்பியன் ஆனவர். இந்தத் தம்பதி உலகம் முழுவதிலிருந்தும் விற்களையும் அம்புகளையும் சேர்த்தார்கள். 1946-இல் அந்தச் சேகரிப்பு மான்செஸ்டர் அருங்காட்சியகத்துக்குப் போனது. இன்றும் அங்கே இருக்கிறது.

சைமன் செய்தது சரியா? இன்றைய அருங்காட்சியகக் காப்பாளர் யாரும் ஒரு பழைய கொம்பு வில்லை அப்படி முழு இழுப்பு இழுக்க அனுமதிக்கவே மாட்டார். நியாயம்தான். ஆனால் பெய்ன் கால்வேயும் சைமனும் பயந்து ஒதுங்கியிருந்தால், மஹ்மூத் எஃபெண்டியின் 480 கஜம் வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்கப்பட்டிருக்கும். அந்தச் சுருண்ட பொருளுக்குள் அவ்வளவு சக்தி இருக்கிறது என்பதை வளைத்துக் காட்டித்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது.

நூறு வருஷம் பின்னால் வந்தவர்களுக்கு வேறு ஒரு வழி கிடைத்தது. ஆடம் கார்ப்போவிச் என்ற வில் தச்சர், இஸ்தான்புல் டோப்காபி அரண்மனையில் இருக்கும் பழைய விற்களின் அளவுகளை எடுத்து, அதே கொம்பு, அதே தசைநார், அதே பசை கொண்டு தானே விற்கள் செய்து, அவற்றை இழுத்துப் பார்த்து, அசல் விற்களின் பலத்தைக் கணக்கிட்டார். 2008-இல் புத்தகமாகவும் போட்டார். அசலில் ஒரு நார்கூடப் பிரியவில்லை. ஆனால் இதற்கு ஒரு முன்நிபந்தனை இருக்கிறது. அந்த வில்லைச் செய்யத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் இல்லாமல் போகும் நிலை சீனாவில் கிட்டத்தட்ட வந்துவிட்டது. பெய்ஜிங்கில் ஜூயுவான்ஹாவ் என்று ஒரு வில் பட்டறை. 1721-இல் தொடங்கியது என்பது மரபு. அரசவைக்கு வில் செய்து கொடுத்த தெருவில் இருந்தது. சீனாவில் ராணுவத் தேர்வில் வில் வளைப்பது ஒரு பாடமாகவே இருந்தது. 1901-இல் அந்தத் தேர்வை நிறுத்தினார்கள். (சேகரிப்பாளர்கள் கையில் இருக்கும் சீன விற்களில் பல, அந்தத் தேர்வில் பலம் பார்ப்பதற்காகச் செய்தவை. எய்வதற்கே அல்ல! இது தெரியாமல் சீனப் படைவீரர்கள் எல்லாம் ராட்சசர்கள் என்று முடிவு கட்டியவர்கள் உண்டு.) தேர்வு போயிற்று, கடைகள் ஒவ்வொன்றாக மூடின. ஜூயுவான்ஹாவ் குடும்பமும் வில் செய்வதை நிறுத்திவிட்டது. பல பத்தாண்டுகள் கழித்து, 1998 வாக்கில், யாங் ஃபூஷி என்ற மகன் தன் வயதான தந்தை யாங் வென்டாங்கிடம் உட்கார்ந்து தொழிலை முதலிலிருந்து கற்றுக்கொண்டார். 2006-இல் சீன அரசு அதைத் தேசியப் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டது. தந்தை இருந்ததால் பிழைத்தது. எத்தனை பசை, எத்தனை நாள், எந்தப் பருவத்தில் எந்த வேலை என்பதையெல்லாம் எந்தப் பழைய வில்லை உற்றுப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

தந்தையும் இல்லை, மகனும் இல்லை என்றால்? அதற்கும் ஒரு கதை இருக்கிறது. கொஞ்சம் கனமான கதை.

1911 ஆகஸ்டு மாதம், கலிஃபோர்னியாவில் ஓரோவில் என்ற ஊரின் இறைச்சிக்கூடத்துப் பட்டிக்கு அருகில், பட்டினியால் மெலிந்த ஒரு செவ்விந்தியர் பிடிபட்டார். தங்கம் தேடி வந்த வெள்ளையர்கள் அந்தப் பகுதிப் பழங்குடிகளை வேட்டையாடியே தீர்த்திருந்தார்கள். யாஹி என்ற குழுவில் மிஞ்சியவர் அவர் ஒருவர்தான். அவருடைய மொழியை முழுசாகப் பேச இன்னொருவர் உயிரோடு இல்லை. தன் பெயரை அவர் கடைசி வரை சொல்லவில்லை. அது அவர்கள் வழக்கம். மானிடவியல் பேராசிரியர் குரோபர் அவருக்கு ‘இஷி’ என்று பெயர் வைத்தார். அவர் மொழியில் அதற்கு மனிதன் என்று பொருள், அவ்வளவுதான். சான் ஃபிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக அருங்காட்சியகத்திலேயே அவர் தங்கினார். அங்கேயே உதவியாளராக வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்பு முனை செதுக்கிக் காட்டுவார், ஜனங்கள் கூடி நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

பக்கத்து மருத்துவக் கல்லூரியில் சாக்ஸ்டன் போப் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் இருந்தார். இஷிக்கு வைத்தியம் பார்க்க வந்தவர், நோயாளியிடமே சீடனாகிவிட்டார். இஷி அவருக்கு வில் செய்யக் கற்றுக் கொடுத்தார். மலை ஜூனிப்பர் மரத்தில், முதுகில் தசைநார் ஒட்டி, 42 அங்குல நீளத்தில் ஒரு குட்டை வில். அதை இழுக்க சுமார் 45 பவுண்டு பலம் வேண்டும். வேலை முடிந்தவுடன் நாணை இறக்கிவிடுவார். வில்லைச் சுவரில் செங்குத்தாகச் சாய்த்து வைக்கவே மாட்டார், படுக்க வைப்பார். நிற்க வைத்தால் வில் வேலை செய்துகொண்டே இருக்கும், வியர்த்துப் பலவீனமாகிவிடும் என்பது அவர் நம்பிக்கை. கேட்க வினோதமாக இருக்கிறதா? இன்றும் பழைய மர வில்லை மூலையில் சாய்த்து வைத்தால் கீழ்ப்பாதி பாரம் தாங்கி முறுக்கிக்கொள்ளும் என்று சொல்லி, இரண்டு முளையில் படுக்க வைக்கத்தான் சேகரிப்பவர்கள் சொல்லித் தருகிறார்கள்.

1916 மார்ச் மாதம் காசநோயில் இஷி இறந்தார். அவர் உடலை அறுக்க வேண்டாம் என்று குரோபர் எழுதிய கடிதம் நேரத்துக்கு வந்து சேரவில்லை. மூளை தனியாக எடுக்கப்பட்டு, பிறகு வாஷிங்டன் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டது. அனுப்பி வைத்தவரும் அதே குரோபர்தான். அது அங்கே ஒரு சேகரிப்புப் பொருளாக 2000-ஆம் ஆண்டு வரை இருந்தது. அந்த வருஷம்தான் அவருடைய உறவுக் குழுக்களிடம் ஒப்படைத்தார்கள். சேகரிப்பு என்ற சொல்லுக்குள் இதுவும் அடக்கம் என்பதை மறந்துவிட்டு அழகான பழைய விற்களைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டு போக முடியாது. அருங்காட்சியக அலமாரிகளில் இருக்கும் பல விற்கள், அவற்றைச் செய்த மக்கள் அழிந்த பிறகு அல்லது அழிக்கப்பட்ட பிறகு அங்கே வந்து சேர்ந்தவை.

போப் ஓர் அபூர்வமான காரியம் செய்தார். அருங்காட்சியக அலமாரிகளிலிருந்து பல நாட்டு, பல இனத்து விற்களை எடுத்து, ஒவ்வொன்றையும் இழுத்து, எத்தனை பவுண்டு என்று அளந்து, வெட்டவெளிக்குக் கொண்டுபோய் எய்து, எத்தனை கஜம் என்று குறித்தார். 1923-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் அதை வெளியிட்டது. பழைய விற்களை வரிசையாக எய்து பார்த்து எழுதிய அப்படியொரு ஆய்வு அதற்கு முன் இல்லை. இன்று செய்யவும் விட மாட்டார்கள்.

அதே ஆய்வில் ஓர் ஆங்கில நெடுவில்லின் நகலும் வருகிறது. அசல் வில், மேரி ரோஸ் என்ற போர்க்கப்பலிலிருந்து வந்தது. எட்டாம் ஹென்றியின் கப்பல். 1545 ஜூலை 19 அன்று, மன்னர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூழ்கியது. 1830-களின் கடைசியில் டீன் சகோதரர்கள் என்ற முத்துக்குளிப்பு மாதிரி வேலை பார்த்த இருவர் அதிலிருந்து சில பொருட்களை மேலே கொண்டு வந்தபோது சில விற்களும் கிடைத்தன. அந்த அளவில் போப் செய்த நகல் வில் சுமார் 70 பவுண்டு பலமே காட்டியது. அப்படியானால் கிரெசியிலும் அஜின்கோர்ட்டிலும் பிரெஞ்சுக் குதிரைப்படையைச் சாய்த்த வில் இவ்வளவுதானா? பிற்காலத்தில் பலரும் அப்படித்தான் முடிவு கட்டினார்கள். நெடுவில்லின் புகழ் வெறும் தம்பட்டம் என்றுகூட எழுதினார்கள்.

விஷயம் என்னவென்றால், ஒப்பிட்டுப் பார்க்க விற்களே இல்லை. லட்சக்கணக்கில் செய்யப்பட்ட ஓர் ஆயுதம், கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிஞ்சியிருந்தது. பழைய துடைப்பத்தை யாராவது பத்திரப்படுத்துவார்களா? வில் உடைந்தால் அடுப்புக்குப் போகும். உடையாவிட்டால் உடையும் வரை உபயோகம். ராஜாவின் வாள் மிஞ்சும், சிப்பாயின் வில் மிஞ்சாது.

1982 அக்டோபர் 11 அன்று மேரி ரோஸின் உடலைக் கடலிலிருந்து தூக்கினார்கள். டிவியில் உலகமே பார்த்தது. அதற்கு முன்பே மூழ்காளர்கள் உள்ளிருந்து ஒவ்வொரு பொருளாக எடுத்திருந்தார்கள். சேறு மூடிக் காற்றுப் படாமல் இருந்ததால் மரம் அழுகவில்லை. பெட்டிக்குள் அடுக்கி வைத்தது அடுக்கியபடி விற்கள்! முழுசாக மட்டும் 137. அம்புகள் 3,500-க்கும் மேல். யூ மரத்தில், சராசரியாக ஆறரை அடி நீளம். கையில் எடுத்துப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். அவ்வளவு தடிமன். இவை முடிக்காத கட்டைகளாக இருக்குமோ என்றுகூட முதலில் சந்தேகம் வந்தது. நடிகரும் நெடுவில் ஆராய்ச்சியாளருமான ராபர்ட் ஹார்டியின் துணையோடு, அளவெடுத்து, கணக்குப் போட்டு, நல்ல யூ மரத்தில் நகல்கள் செய்து இழுத்தபோது கிடைத்த பலம் 100-லிருந்து 185 பவுண்டு வரை. மேல்வரம்பில் அது போப் சொன்னதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். இன்றைய ஒலிம்பிக் வீரர்கள் இழுப்பது பெரும்பாலும் 50 பவுண்டுக்கு உட்பட்டுத்தான் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் கிடைத்த எலும்புக்கூடுகள் சிலவற்றில் தோள்பட்டை எலும்பே சிறு வயதிலிருந்து பாரம் இழுத்ததால் மாறிப்போயிருந்தது.

போப் மோசமான தச்சர் இல்லை. வில்லின் நீளத்தையும் அகலத்தையும் நகல் எடுக்கலாம், அந்த மரம் வளர்ந்த மலையையும் குளிரையும் நகல் எடுக்க முடியாது. அவர் கையிலிருந்த மரம் வேறு. மெதுவாக, நெருக்கமான வளையங்களோடு வளர்ந்த யூ மரம் வேறு. அதோடு 137 விற்களைப் பார்த்து எடுக்கும் முடிவும் ஒன்றை மட்டும் பார்த்து எடுக்கும் முடிவும் ஒன்றாகுமா? சேகரிப்பின் பலமே அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

இஷி தொட்ட சங்கிலி போப்போடு நிற்கவில்லை. போப்பின் கூட்டாளி ஆர்ட் யங் அலாஸ்காவில் வில்லால் வேட்டையாடிப் படம் எடுத்து, ஊர் ஊராகத் திரையிட்டார். 1920-களின் கடைசியில் டெட்ராய்ட் நகரத்தில் அதைப் பார்த்த ஓர் இளைஞருக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. கார் தொழிற்சாலையில் மர அச்சு செய்யும் வேலை பார்த்த ஃப்ரெட் பேர். 1933-இல் அவர் தொடங்கிய கம்பெனி, 1947-இல் மிச்சிகன் மாநிலத்தின் கிரேலிங் ஊருக்குப் போய், தொழிற்சாலை முறையில் ஆயிரக்கணக்கில் வில் செய்தது. மரத்தின் இரு பக்கமும் ஃபைபர் கிளாஸ் ஒட்டிய வில். ஒரு வகையில் பார்த்தால் துருக்கி வில்லின் பேரப்பிள்ளை. கொம்புக்கும் தசைநாருக்கும் பதில் கண்ணாடியிழை, வச்சிரத்துக்குப் பதில் ரசாயனப் பசை. ஈரத்துக்குப் பயமில்லை, மோட்டார் பைக்கைப்போல் கடையில் வாங்கலாம்.

1969-இல் ஹாலஸ் ஆலன் என்பவருக்குக் கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லுக்கான காப்புரிமை கிடைத்தது. பத்து, பதினைந்து வருஷத்தில் அமெரிக்காவில் எல்லோரும் அதற்கு மாறினார்கள். அழகான மர விற்கள் பரணுக்கும், கார் ஷெட்டுக்கும், பழைய சாமான் சந்தைக்கும் போயின. இன்று சேகரிப்பாளர்கள் தேடுவது பெரும்பாலும் இவற்றைத்தான். துருக்கி வில் வாங்க எல்லோராலும் முடியாது. ஆனால் அமெரிக்கக் கிராமத்துச் சந்தையில் ஒரு பழைய ‘கோடியாக்’ அல்லது ‘கிரிஸ்லி’ கிடைக்கலாம்.

கிடைத்தால் அதன் வயதைக் கண்டுபிடிப்பது தனிக் கலை. பேர் விற்களின் கைப்பிடிக்கு மேலே ஒரு சின்ன வட்டப் பதக்கம் இருக்கும். 1959-இல் செம்பு. பிறகு அலுமினியம், பித்தளை, நிக்கல் வெள்ளி என்று மாறிக்கொண்டே வந்தது. 1972 வரை மரத்தோடு மட்டமாகப் பதித்தார்கள், அதற்குப் பிறகு வந்தவை மேலே புடைத்து நிற்கும். விரலால் தடவியே பாதி விடை சொல்லிவிடலாம். இன்னும் பழையது வேண்டுமென்றால் நெல்ஸ் கிரம்லி என்ற தச்சர் கையால் செதுக்கி, தன் பெயர் போட்ட விற்களைத் தேட வேண்டும். அவர் 1948-இல் கம்பெனியை விட்டுப் போய்விட்டார், அதனால் அதற்குப் பெரிய மவுசு.

இதில் ஒரு வேடிக்கை. அந்தக் கம்பெனி விற்கள் பலவற்றில் ‘கனடா 1953’ என்று அச்சிட்டிருக்கும். பார்த்தவுடன் விற்பவர், “1953-ஆம் வருஷத்து வில் சார், கனடாவில் செய்தது!” என்று விலையை ஏற்றுவார். உண்மையில் அது கனடாவில் காப்புரிமை கிடைத்த வருஷம். வில் 1970-இல் செய்ததாகவும் இருக்கலாம். மருந்து அட்டையில் லைசென்ஸ் எண்ணைப் பார்த்து விலை என்று நினைத்துக்கொள்வது மாதிரிதான்.

இந்த விற்களை எய்யலாமா? எய்யலாம் என்பதுதான் சேகரிப்பாளர்களில் பெரும்பாலோர் வழக்கம். இங்கே துருக்கி வில்லின் நிலைமை இல்லை. ஒன்று உடைந்தால் அதே மாடலில் இன்னும் பல உலகத்தில் இருக்கின்றன. ஆனால் ஒடிஸியஸ் முறையில்தான். முதலில் வெளிச்சத்தில் வைத்துக் கண்ணாடியிழையில் குறுக்கு விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நீளவாக்கில் தெரியும் மெல்லிய கோடுகள் பரவாயில்லை, குறுக்கே ஓடினால் ஆபத்து. பிறகு நுனியிலிருந்து பார்த்து, மேல்பாதியும் கீழ்ப்பாதியும் முறுக்காமல் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். பஞ்சை எடுத்து ஓரங்களில் தடவுவார்கள். எங்கே பஞ்சு சிக்குகிறதோ அங்கே இழை பிளந்திருக்கிறது.

அடுத்தது நாண். புதிய வில் கடையில் கிடைக்கும் உயர்பலச் செயற்கை இழை நாண் கொஞ்சமும் நீளாது. எய்த அதிர்ச்சி முழுவதும் நுனிக்குப் போகும். பழைய வில்லின் நுனி அதற்காகச் செய்யப்படவில்லை, பிளந்துவிடும். டாக்ரான் நாண் கொஞ்சம் நீண்டு கொடுக்கும், அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்ளும். வேகம் சற்றுக் குறையும், குறையட்டும். நாணேற்றும்போதும் காலுக்கிடையில் கொடுத்து வளைக்காமல், இரு நுனியிலும் மாட்டும் கயிற்றை மிதித்துத்தான் ஏற்ற வேண்டும். காலுக்கிடையில் கொடுத்து முறுக்கேறிய விற்கள் சந்தையில் நிறைய.

நாணேற்றியவுடன் இழுப்பதில்லை. சும்மா சில மணி நேரம் வைத்திருந்து காது கொடுப்பார்கள். ‘டிக்’ என்று சத்தம் வந்தால் அன்றோடு சரி, நாணை இறக்கிவிட்டுச் சுவரில் மாட்ட வேண்டியதுதான். சத்தம் இல்லையென்றால் பத்து அங்குலம் இழுத்து, மெதுவாகத் திரும்ப விட்டு, மறுபடி பன்னிரண்டு அங்குலம், பிறகு பதினைந்து என்று ஏறுவார்கள். முழு இழுப்புக்கு வர ஒரு வாரம்கூட ஆகலாம். அதற்குப் பிறகுதான் முதல் அம்பு. கனமான அம்பாக.